ஆலங்குடா மணலில் ரோசாவுக்கு எவ்வளவு வெட்டு?

ரோசா வளர்ப்பு நூல்களில் பெரும்பாலானவை ஒரே நாட்காட்டியைத்தான் பின்பற்றுகின்றன. குளிர்காலம் முழுவதும் செடியைத் தொடாதே. பனி விலகி மொட்டுக்கண்கள் சிவந்து வீங்கும்போது வெட்டு. முதிர்ந்த தண்டுகளை அடியோடு எடு. மீதியைப் பாதிக்கு இறக்கு. வெளிப்புறம் பார்த்திருக்கும் கண்ணுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டு. இங்கிலாந்துத் தோட்டங்களில் விளைந்த இந்த விதிகள் நுவரெலியாவில் ஓரளவு பொருந்தும். அதை அடுத்த ஹக்கல தாவரவியல் பூங்கா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரவில் கம்பளி வேண்டும். கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில், பெருங்கடலைப் பார்த்திருக்கும் ஆலங்குடாவில் அதே விதிகளை வைத்துப் பார்த்தால் முதல் வரியிலேயே சிக்கல். இங்கே குளிர்காலம் இல்லை.

இருப்பவை வேறு. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி. ஏப்ரலை ஒட்டி ஒரு சிறு மழை. மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை கடலிலிருந்து நேரே அடிக்கும் கச்சான் காற்று. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை களப்புப் பக்கமிருந்து வரும் வாடை. காற்றை நம்பிப் பட்டச் சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டவர்கள் கற்பிட்டியில் ஆண்டுக்கு இரண்டு பருவம் வைத்திருப்பது இதனால்தான். நிலம் சிப்பித்துகள் கலந்த மணல். ஊற்றும் தண்ணீர் ஊற்றிய வேகத்தில் இறங்கிவிடும். இந்த முற்றத்தில் நிற்கும் ரோசாவுக்குக் கொப்பு வெட்டலாமா, வெட்டினால் எப்போது, எவ்வளவு என்பதைப் புத்தக விதிகளைப் பிரித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வெட்டின் பக்கம் உள்ள நியாயம்

வெட்டவே வேண்டாம் என்ற கட்சி ஒன்று உண்டு. காட்டு ரோசாவை யார் வெட்டுகிறார்கள் என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானது, ஆனால் முற்றத்து ரோசா காட்டுச் செடி இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூத்துவந்த ஐரோப்பிய ரோசாக்களோடு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து சீனத்து ரோசாக்கள் கலந்ததால் பிறந்தது அது. பூப்பதைத் தடுத்து வைக்கும் ஒரு மரபணு சீனத்து ரோசாவில் பழுதுபட்டிருப்பதே அதன் ஓயாத பூப்புக்குக் காரணம் என்பதை 2012இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அந்தப் பழுதைப் பெற்ற செடியில் புதிதாக வரும் ஒவ்வொரு தளிரும் பூவில்தான் போய் முடியும். ஆகவே, புதுத்தளிரை எழுப்பும் எந்த வெட்டும் பூவை எழுப்பும்.

எழுப்புவது எப்படி? நுனிமொட்டு சுரக்கும் ஆக்சின் என்ற ஹோர்மோன் கீழ்க்கண்களைத் தூங்க வைத்திருக்கிறது. நுனி போனதும் அந்தத் தடை தளர்கிறது. அதுவரை நுனிக்குப் போன சர்க்கரை கீழ்க்கண்களுக்குத் திரும்புகிறது. ரோசாவில் இன்னொன்றும் சேர வேண்டும்: வெளிச்சம். இருட்டில் வைத்த ரோசாக்கண் விரிவதில்லை என்பதைப் பிரான்சின் ஆஞ்சே நகர ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள். உள்ளே அடர்ந்து இருண்டுபோன செடியில் கீழ்க்கண்கள் விழிக்காமல் கிடப்பதற்கும், கொப்புகளை நீக்கி வெளிச்சம் விட்டதும் அவை விழிப்பதற்கும் இதுவே விளக்கம்.

ஆலங்குடாவுக்கே உரிய இன்னொரு நியாயம் காற்று. ஆளுயரத்துக்கு நீண்ட தண்டு கச்சானில் ஆடும்போது மணலுக்குள் இருக்கும் மெல்லிய வேர்கள் அறுகின்றன. களிமண்ணைப் போல இறுக்கிப் பிடித்து வைக்க மணலால் முடியாது. தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் சுற்றிலும் குழி விழுந்திருந்தால் செடி ஆடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உயரத்தைக் குறைப்பது இங்கே அழகுக்காகச் செய்யும் வேலை இல்லை. வேரைக் காக்கும் வேலை. நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு இறங்கும் கருகல் நோயை நல்ல தண்டு வரை வெட்டி எடுப்பதும், பட்ட கொப்பை நீக்குவதும் எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் செய்ய வேண்டியவை. இவற்றில் வாதம் இல்லை.

புத்தகம் எண்ணாத கணக்கு

வாதம் தொடங்குவது வெட்டின் அளவில். குளிர் நாட்டு ரோசா இலையுதிர்காலத்தில் தன் உணவைத் தண்டிலும் வேரிலும் மாவுப்பொருளாகச் சேர்த்துவிட்டு இலைகளை உதிர்க்கிறது. பனி முடியும்போது அதைப் பாதிக்கு வெட்டினாலும் இலை எதுவும் நட்டமில்லை, ஏனென்றால் அப்போது இலையே இல்லை. அடுத்த தளிருக்கான உணவு கீழே இருக்கிறது. அங்கே கடும் வெட்டு நியாயமாவது இந்தச் சேமிப்பால்தான்.

ஆலங்குடாவில் செடி இலையை உதிர்த்து ஓய்வெடுப்பதில்லை. ஆண்டு முழுவதும் இலை சமைக்கிறது. சமைத்ததைச் செடி அன்றன்றே செலவழிக்கிறது. கோடை இரவுகளில் வெப்பம் 25 பாகையை ஒட்டியே நிற்பதால் சுவாசத்துக்கே பகல் உழைப்பில் பெரும்பங்கு போய்விடும். கையிருப்பு குறைவான இந்தச் செடியை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால், சேமிப்பு இல்லாத வீட்டில் உழைப்பவரையும் வெளியே அனுப்பியதாக ஆகும். செடி உடனே சாகாது. மெலிந்த தளிர் விடும். அந்தத் தளிர் முதிர்ந்து தன் உணவைத் தானே சமைக்கத் தொடங்கும் வரை வேர் பட்டினி கிடக்கும். அந்த நேரத்தில் ஒரு வாரம் தண்ணீர் தவறினால் கன்று போய்விடும். ‘வெட்டின பிறகு பட்டுப்போச்சு’ என்று முற்றங்களில் சொல்லப்படும் குறைக்கு நோயையும் கத்தரியையும் குற்றம் சாட்டுவார்கள். பல வேளைகளில் காரணம் இலைப் பஞ்சம்.

இந்தக் கணக்கை நன்றாகத் தெரிந்தவர்கள் இலங்கையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் ரோசா வளர்ப்பவர்கள் இல்லை, தேயிலை வளர்ப்பவர்கள். தேயிலைத் தோட்டத்துக் கவ்வாத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியையே கட்டையாக்கும் வெட்டு. அதைச் செய்வதற்கு முன் வேரை வெட்டி அயோடின் தடவிப் பார்க்கும் முறை அங்கே உண்டு. வெட்டுவாய் கருநீலமானால் மாவுப்பொருள் இருக்கிறது, கவ்வாத்து செய்யலாம். நிறம் மாறாவிட்டால் செடிக்கு ஓய்வு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். வெப்பம் கூடிய தாழ்நாட்டுத் தோட்டங்களில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: எல்லாக் கிளையையும் வெட்டாமல் ஒன்றிரண்டை இலையோடு மூச்சுக்கிளையாக விட்டுவைப்பார்கள். புதுத்தளிர் வளர்ந்து தன் காலில் நின்ற பிறகே அந்தக் கிளையை எடுப்பார்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஒசூரில் பசுமைக்குடில்களில் ரோசா வளர்ப்பவர்களும் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். பூத்தண்டு தராத மெலிந்த கொப்புகளை அவர்கள் வெட்டி எறிவதில்லை; அடியில் மடக்கிப் பக்கவாட்டில் சாய்த்துவிடுகிறார்கள். சாய்ந்த கொப்பின் இலைகள் செடிக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்க, மடக்கின இடத்தருகே தடித்த பூத்தண்டு கிளம்பும். விற்பனைக்கு வளர்ப்பவர் ஒரு மெலிந்த கொப்பைக் கூட வீணாகக் கருதாதபோது, முற்றத்தில் வளர்ப்பவர் பென்சிலை விட மெலிந்ததையெல்லாம் நூல் விதிப்படி வெட்டி எறிவது ஏன்?

அந்த விதி பிறந்த இங்கிலாந்திலேயே அது ஆட்டம் கண்டது. செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் அந்நாட்டின் தேசிய ரோசாச் சங்கம் 1990களில் ஒரு சோதனை நடத்தியது. சில பாத்திகளை விதிப்படி கையால் வெட்டினார்கள். சிலவற்றை, கண்ணையும் கோணத்தையும் பார்க்காமல் வேலி சீவும் இயந்திரத்தால் சீவினார்கள். சீவப்பட்ட செடிகள் கைவெட்டுச் செடிகளுக்குக் குறையாமல் பூத்தன. உள்ளே விடப்பட்ட மெல்லிய கொப்புகளின் இலைகள் செடிக்கு உதவியிருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் ஒன்று. இந்தச் சான்றையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது குளிர் நாட்டுச் சோதனை. ஆண்டுக்கணக்கில் சீவிக்கொண்டே போனால் பட்ட குச்சிகள் உள்ளே தேங்கும். ஆனால் ஒன்றை அது உறுதிப்படுத்துகிறது: சடங்கு போலக் கடைப்பிடிக்கும் நுணுக்கங்களில் பல செடிக்குப் பொருட்டே இல்லை.

மூன்று இடங்கள், மூன்று தொழில்கள். சேரும் முடிவு ஒன்று. குளிர் இல்லாத ஊரில் வெட்டை அளக்க வேண்டியது விட்டுவைத்த இலையால். செடியின் இலைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் எடுக்கக் கூடாது என்பதே ஆலங்குடாவுக்கு நான் பரிந்துரைக்கும் உச்ச அளவு.

ஒவ்வொரு விதியாக

சாய்வு வெட்டு. நீர் வழிந்தோட 45 பாகைச் சாய்வு வேண்டும் என்பார்கள். சாய்வு கூடக் கூட வெட்டுவாய் பெரிதாகும், கண்ணின் பின்புறம் காய்ந்துபோகும் ஆபத்தும் கூடும். கூர்மையான கத்தரியால் கண்ணுக்கு அரை சென்ரிமீற்றர் மேலே ஏறக்குறைய நேராக வெட்டினால் போதும். கத்தரி கூராக இருப்பது கோணத்தை விட முக்கியம். மழுங்கிய அலகு தண்டை நசுக்கும், கருகல் நோய் நசுங்கிய இடத்தில்தான் நுழையும்.

வெளிப்புறக் கண். நடுப்பகுதியைத் திறந்து கிண்ணம் போல வடிவமைக்கச் சொல்வது, காற்று தேங்கி ஈரம் நிற்கும் தோட்டங்களுக்கு நல்லது. ஆலங்குடாவில் காற்றுப் பஞ்சம் யாருக்கு? இங்கே திறந்த செடியின் நடுத்தண்டுகள் வெயிலில் வெந்து, உப்புக் காற்றில் காய்கின்றன. ஓரளவு அடர்ந்த, உருண்ட செடி தன் நிழலில் தன் வேரைக் காக்கும். கடல் பக்கத்துக் கொப்புகளைக் கூடுதலாக விட்டு, கரைப் பக்கத்தில் கூடுதலாக வெட்டுவது நூல்களில் இல்லாத, ஆனால் இந்தக் கரைக்குப் பொருந்தும் ஒழுங்கு.

வெட்டுவாய்க்குப் பூச்சு. சாணம், மஞ்சள், களிமண், போர்டோ பசை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு மருந்து. மரங்களின் காயங்களை அறுத்து ஆராய்ந்த அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் ஷைகோ, பூச்சுகள் உள்ளழுகலைத் தடுப்பதில்லை என்று காட்டினார். மரம் காயத்தை உள்ளிருந்து சுவர் எழுப்பி ஒதுக்குகிறது. தொடர்மழையில் வெட்ட நேர்ந்தால் செம்பு கலந்த போர்டோ பசைக்கு ஒரு நியாயம் உண்டு. வெயில் காலத்தில் வெட்டினால் வெயிலே போதும். சாணம் ஈரத்தைப் பிடித்துவைக்கும். காயத்துக்கு அது நன்மை செய்யாது.

ஏழிலை. ஏழு சிற்றிலை வந்தால் அது காட்டுத்தளிர், பிடுங்கு என்பது எங்கும் நிலவும் நம்பிக்கை. நல்ல இனங்கள் பலவற்றிலும் ஏழு சிற்றிலை வரும். தளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்பதே சரியான சோதனை: ஒட்டுக்கணுவுக்குக் கீழே, வேர்த்தண்டிலிருந்து வந்தால் அடியோடு கிழித்து எடுக்க வேண்டும்; மேலே வந்தால் அது செடியின் எதிர்காலம். ஒட்டுச் செடியைக் கடுமையாக வெட்டுவதன் பெரிய ஆபத்தும் இங்கேதான். மேலே உள்ள நல்ல இனம் தளர்ந்துபோகும். கீழே உள்ள காட்டு இனம் எழுந்துவிடும்.

பழைய தண்டு. மூன்றாண்டுக்கு மேற்பட்டதை அடியோடு எடு என்ற விதி, அடியிலிருந்து ஆண்டுதோறும் புதுத்தண்டு விடும் செடிகளுக்கு ஆனது. பதியன் குச்சியில் சொந்த வேரோடு வளரும் பன்னீர் ரோசா அப்படிப்பட்டது. எட்வர்டு ரோசா என்று தமிழ்நாட்டுப் பூ வியாபாரிகள் அறிந்த இந்த இனம், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்துமாக்கடலின் ரீயூனியன் தீவில் சீனத்து ரோசாவும் டமாஸ்க் ரோசாவும் கலந்து பிறந்தது. தீவிலே பிறந்த செடிக்குத் தீவு வெயில் புதிதல்ல. கொஞ்சம் கூடுதலாக வெட்டினாலும் தாங்கும். பெரிய பூத் தரும் ஒட்டு ரோசாக்கள் வெப்ப நாட்டில் அடித்தளிரை அரிதாகவே விடுகின்றன. அவற்றின் பழைய தண்டை வயதுக்காக வெட்டினால், ஈடு வராமலே போகலாம்.

எப்போது?

ஒரே செடியை டில்லியில் ஒக்டோபரில், குளிருக்கு முன்பே வெட்டுகிறார்கள். பூ குளிர்காலத்தில் வரும். புனே, பெங்களூர் பக்கம் ஆண்டுக்கு இருமுறை வெட்டும் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டு வேளாண் பரிந்துரை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. இவற்றைப் பார்த்தாலே தெரியும்: மாதத்தின் பெயருக்கு மதிப்பில்லை, வெட்டிய பின் வரும் ஆறு ஏழு வாரங்கள் எப்படி இருக்கும் என்பதற்கே மதிப்பு. வெப்ப நாட்டில் வெட்டிலிருந்து பூவுக்கு ஏறத்தாழ அவ்வளவு காலம் போதும்.

மாரிக்கு முன் வெட்டலாம் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. மழைநீர் இலவசம், கச்சான் கொண்டுவந்து சேர்த்த உப்பை மணலிலிருந்து அது கழுவும். ஆனால் தளிர் விரியும் நவம்பரில் இலை மணிக்கணக்காக நனைந்தே இருக்கும். கரும்புள்ளி நோய்க்கு வேண்டியது அதுவே. வெட்டுவாயும் காயாமல் ஈரத்தில் நிற்கும். பன்னீர் ரோசா இதைத் தாங்கலாம். ஒட்டு ரோசாவுக்கு மாரி ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசி முதல் ஜனவரி நடு வரையான நாட்களே மேல். மணலில் ஈரம் உண்டு, கிணற்றில் நீர் உயர்ந்திருக்கும், ஆண்டிலேயே குளிர்ந்த இரவுகள் அப்போதுதான், காற்றும் கரைப்பக்கமிருந்து வரும். பெப்ரவரி கடைசியில் பூக்கும். இதற்கு விலை உண்டு: பெப்ரவரியிலும் மார்ச்சிலும் நாள் தவறாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். தேங்காய் விளையும் மாவட்டத்தில் அதைக் குறைக்க வழியும் உண்டு. செடியைச் சுற்றிப் பொச்சுமட்டை புதைத்தால் ஈரம் நிற்கும்.

ஏப்ரல் மழையோடு, நீண்டு நிற்கும் தண்டுகளின் நுனியை மட்டும் கிள்ளி உயரத்தைக் குறைக்கலாம்; கச்சானுக்கு அது ஆயத்தம். மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை பட்டதை நீக்குவதற்கும் வாடிய பூவைக் கழுத்தோடு ஒடிப்பதற்கும் மேல் எதுவும் வேண்டாம். ஐந்து சிற்றிலை இலை வரை இறக்கி வெட்டு என்ற விதி நீண்ட தண்டு வேண்டிய பூ வியாபாரிக்கு உதவும். கச்சானில் அது இலையைத் தின்னும். அந்த மாதங்களில் வெட்டக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் வேலிக்கு அப்பால் இருக்கிறது. கற்பிட்டிக் குடாநாடு மிளகாய் விளையும் நிலம். மிளகாயின் இலையைச் சுருட்டும் பனிப்பூச்சி இளம் ரோசாத் தளிரிலும் அதே வேலையைச் செய்யும். வறண்ட நாட்களில் அது பெருகும். கோடையில் வெட்டி ஒரே நேரத்தில் செடி நிறையத் தளிரை எழுப்புவது அதற்கு விருந்து வைப்பதாகும். செப்டம்பர் முடிவில், உப்பில் கருகியதையும் பட்டதையும் மட்டும் நீக்கினால் ஆண்டுக் கணக்கு முடிந்தது.

கத்தரிக்குப் பின் வரும் பசளை

வெட்டைப் பற்றிய எந்தப் பேச்சும் கத்தரியோடு நிற்பதில்லை. வெட்டிய கையோடு பசளை போடுவது வழக்கம். ஆலங்குடாவில் இந்த வழக்கமே முழு முறையிலும் பெரிய குறை. இலை இழந்த செடி அந்த வாரங்களில் பசளையை மிகக் குறைவாகவே உறிஞ்சும். மிச்சம் மணல் வழியே நிலத்தடி நீருக்குப் போகும். குடாநாட்டின் நன்னீர், உவர்நீருக்கு மேலே மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. மரக்கறித் தோட்டங்களுக்கு இடும் பசளையால் இங்குள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியது பதிவாகியிருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்களும் குடியேறிய இந்தக் கரையில் வளவுகள் சிறியவை. ரோசாவுக்கும் கிணற்றுக்கும் இடையே தூரம் குறைவு. நான்கு ரோசாச் செடிகள் ஒரு வெங்காயத் தோட்டத்துக்கு ஈடாகாதுதான். ஆனாலும் பாவிக்க நியாயமே இல்லாத நேரத்தில் யூரியா கொட்டுவதற்கு அது சாக்கு ஆகாது. புதுத்தளிர் ஒரு சாண் நீண்டு இலை கரும்பச்சையான பின், மக்கிய ஆட்டெருவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து இடுவதே போதும்.

தீர்ப்பு

இவ்வளவும் சொன்ன பிறகும் கடும் வெட்டுக்கு ஓர் இடம் இருக்கிறது. கண்காட்சிக்குக் கைப்பிடி அளவு பூ வேண்டுபவர், தண்டுகளைக் குறைத்து உணவைச் சிலவற்றுக்கே அனுப்ப வேண்டும். இலேசான வெட்டில் பூ கூடும், ஆனால் ஒவ்வொன்றும் சிறிதாகும், செடியும் உயர்ந்துகொண்டே போகும். இந்தக் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. கொடைக்கானலில் பல்லாண்டுகள் ரோசா இனவிருத்தி செய்த எம்.எஸ். வீரராகவன், வெப்ப நாட்டுக்கு வெப்ப நாட்டுக் காட்டினங்களிலிருந்தே ரோசாவை உருவாக்க வேண்டும் என்று சொல்லி, வடகிழக்கு இந்தியாவின் ஜைகான்டியா, வங்காளச் சதுப்பின் கிளைனோபில்லா என்ற காட்டினங்களை இனவிருத்தியில் பயன்படுத்தினார். நிலையான தீர்வு அந்தத் திசையில்தான். அது வரை, பனிக்காகப் பிறந்த செடியை மணலில் வைத்திருப்பவருக்குக் கத்தரி ஒரு சமாதான ஏற்பாடு மட்டுமே.

அந்த ஏற்பாடு சரியாக அமைந்ததா என்பதைப் பெப்ரவரிப் பூவை வைத்து முடிவு செய்வது தவறு. அளவு சற்று மீறி வெட்டியிருந்தாலும் முதல் பூப்பு நன்றாகவே வரக்கூடும், ஏனென்றால் அது இருக்கும் கொஞ்சக் கையிருப்பின் செலவு. கச்சான் முடியும் செப்டம்பரில் செடியில் எத்தனை நல்ல இலை மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் பச்சையாக நின்றால் அடுத்த ஜனவரியிலும் அதே அளவு வெட்டலாம். இல்லையென்றால் அந்த ஆண்டு கத்தரியைப் பட்ட கொப்புக்கு மட்டும் எடுங்கள்.